நிலம் தந்தோரும் நிழல் பெற்றோரும்

(நெய்வேலி நகரியத்தில் நம் பங்கின் பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"நம் ஊரும் நம் பங்கும்" என்னும் பொருளில் சில சொற்கள் சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். பங்கின் வளர்ச்சியைப் பற்றி நேற்றும் இன்றும் பலர் அழகாகப் பேசிவிட்டனர். ஆகவே, பொன்விழா என்ற சொல்லின் பொருளிலிருந்து தொடங்கி, நம் ஊரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

திருமணத்திற்கும் பள்ளிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் பொன்விழா கொண்டாடிப் பழகிவிட்டோம். ஐம்பது ஆண்டு நிறைந்தால் வளைவு, மலர், விருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் யூபிலி என்பது விவிலியத்தில் ஒரு சட்டம். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊத வேண்டும். அந்தக் கொம்பின் எபிரேயப் பெயரே யூபிலி என்றாயிற்று. கொம்பு ஊதியதும் என்ன நடக்க வேண்டும்? வறுமையால் நிலத்தை இழந்தவனுக்கு அவன் நிலம் திரும்பிவர வேண்டும். கடனால் அடிமையானவன் தன் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். உழுது களைத்த மண்ணும் ஓர் ஆண்டு ஓய்ந்திருக்க வேண்டும். மண் கடவுளுக்கு உரியது, மனிதர் அதில் சிலகாலம் தங்கிப் போகிறவர்கள் என்பதே இச்சட்டத்தின் ஆணிவேர்.

இந்த அதிகாரத்தை வேறு ஊர்களில் வாசிப்பவர்கள் பழங்கால வரலாறாக வாசித்துவிட்டுப் போகலாம். நெய்வேலியில் அப்படி வாசிக்க முடியாது. நம் ஊர் நிலத்தின் மேல் வாழும் ஊர் மட்டுமன்று. நிலத்தைத் தோண்டி வாழும் ஊர். யாருடைய நிலம், யார் தோண்டினார்கள், யார் வாழ்ந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் இந்தப் பொன்விழா நம்மிடம் கேட்கிறது.

கிணற்றில் கண்ட கரி

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், வடலூருக்கும் விருத்தாசலத்திற்கும் இடைப்பட்ட செம்மண் மேடு இது. முந்திரியும் பலாவும் கம்பும் மல்லாட்டையும் விளைந்த மண். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழக் கிணறு இறக்கியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதை வெறும் சேறென்று ஒதுக்காமல் அரசின் கவனத்திற்குக் கொண்டுசென்றவர் அவர். அவருக்கு நம் ஊரில் சிலை இருப்பது தகும். பின்னர் 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்து, பழுப்பு நிலக்கரி பெருமளவில் படிந்து கிடப்பதை உறுதி செய்தனர்.

அக்காலத்தில் தமிழகத்திற்கு நிலக்கரி வேண்டுமானால் வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இரயிலிலும் கப்பலிலும் வரவேண்டும். வீட்டு வாசலிலேயே எரிபொருள் கிடைத்தது என்ற செய்தி எத்தனை நம்பிக்கையை ஊட்டியிருக்கும்! காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் இத்திட்டம் உருப்பெற்றது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு இங்கு வந்து அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார். நான்கு ஆண்டுகள் மேல்மண்ணை அள்ளிய பிறகு 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. 1970இல் அது 600 மெகாவாட்டாக நிறைவு பெற்றது.

நம் இளைஞருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். காற்றுப் பட்டால் உலர்ந்து பொடியும். நெடுநாள் குவித்து வைத்தால் தானே தீப்பிடிக்கும். ஆகவே அதைத் தொலைவூருக்கு ஏற்றிச் செல்வது கட்டாது. தோண்டிய இடத்தருகிலேயே எரித்து மின்சாரமாக்க வேண்டும். அதனால்தான் சுரங்கத்தின் ஓரத்தில் மின் நிலையமும், அதன் ஓரத்தில் நகரியமும், நகரியத்திற்குள் நம் பங்கும் எழுந்தன. மண்ணுக்கடியில் கிடந்த ஒரு பொருளின் இயல்பே நம்மை இங்கே ஒன்றுசேர்த்தது.

இந்தக் கரி எளிதில் கைக்கு வரவில்லை. ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். அந்த மேல்மண்ணில் கடலூர் மணற்கல் என்னும் கடும்பாறை கலந்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த மாபெரும் சக்கர வாளி இயந்திரங்களின் பற்களே அதில் தேய்ந்தன. கரிக்குக் கீழே பேரழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து எழும். இதையெல்லாம் வென்றவர்கள் நம் தந்தையர். லெக்கோ கரியில் சோறு சமைத்த தாய்மார் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அதைச் செய்த ஆலையும், யூரியா உரம் செய்த ஆலையும் பின்னாளில் மூடப்பட்டாலும், அவற்றில் பணி செய்த கைகளை நாம் மறப்பதற்கில்லை.

வந்தவர்கள்

அக்காலத்தில் வேலை தேடி வந்தவர்கள் எத்தனை திசைகளிலிருந்து வந்தார்கள்! தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தனர். நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்தனர். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தனர். ஒவ்வொருவரும் தம் ஊர்ப் புனிதரைக் கையோடு கொண்டுவந்தனர். ஒருவருக்கு அந்தோணியார், ஒருவருக்குச் சவேரியார், ஒருவருக்கு வேளாங்கண்ணி மாதா. ஒருவர் பாடும் ஒப்பாரி மற்றவருக்குப் புரியாது. ஒருவர் வைக்கும் மீன் குழம்பு மற்றவருக்குப் பிடிக்காது. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் விட்டு வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும்தான்.

அந்த எண்களுக்குள் உறவை உண்டாக்கியது எது? பக்கத்து வீட்டு அக்காவின் அடுப்பு. ஷிப்ட் மாற்றிக்கொண்ட நண்பர். பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்கு வந்த தோழி. பிறகு பங்கு. மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் எல்லாரும் ஒரே திருப்பலிக்கு வர இயலாது. இரவு ஷிப்ட் முடித்துச் சுரங்கத் தூசியோடு நேரே ஆலயத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றவர்கள் உண்டு. பாடகர் குழுவில் ஆண்குரல் எத்தனை என்பதை ஷிப்ட் அட்டவணைதான் முடிவு செய்தது. வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் அந்த அட்டவணையைப் பார்த்தே கூட்டம் வைத்தன. மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளையும், டிசம்பர் 4 அன்று சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பராவின் நினைவையும் நாம் பொருளோடு கொண்டாட முடிந்தது. ஆயுத பூசையன்று பணிமனையில் நம்மவரும் பொரி பெற்றனர். கிறிஸ்துமஸ் அன்று பிளாக் முழுவதும் நம் வீட்டுப் பலகாரம் சென்றது. சண்டையில்லாமல் சாதிக்கும் சமயத்துக்கும் அப்பால் வாழ முடியும் என்று பள்ளிப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே நம் பிள்ளைகள் தெருவில் கற்றுக்கொண்டார்கள். மருத்துவமனை, மரங்கள் அடர்ந்த சாலைகள், குளூனி கன்னியரின் பள்ளி உள்ளிட்ட கல்விக்கூடங்கள், ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி என இத்தனையும் ஒருசேரக் கிடைத்த தொழிலாளர் ஊர்கள் நாட்டில் மிகச் சில.

இது நிழல். இந்த நிழலுக்காக இறைவனுக்கு நன்றி சொல்லவே இவ்விழா. ஆனால் நிழல் தரும் மரம் யார் மண்ணில் நிற்கிறது என்று கேட்காமல் சொல்லும் நன்றி பாதி நன்றிதான்.

போனவர்கள்

நாம் வருவதற்கு முன் இங்கே ஊர்கள் இருந்தன. ஏரியும் களத்துமேடும் இருந்தன. குலதெய்வக் கோவில்களும் இடுகாடுகளும் இருந்தன. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நகர்ந்தன. மக்கள் இழப்பீடு பெற்றார்கள், மனை பெற்றார்கள், சிலர் வேலையும் பெற்றார்கள். மின்சாரம் தென்னகமெங்கும் சென்றது. அதனால் பல இலட்சம் வீடுகளில் விளக்கு எரிந்தது. இதை மறுப்பவர் யாருமில்லை. ஆயினும், விலை கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

அரசர்கள் முதல் நூலில் நாபோத்தின் கதை வருகிறது. ஆகாபு அரசன் முதலில் அவன் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்கவில்லை. பணம் தருகிறேன், அல்லது அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்றுதான் கேட்டான். நாபோத்து இசையவில்லை. அவனுக்கு அது விற்பனைப் பொருளன்று. முன்னோர் வைத்துச் சென்ற உரிமை. பிறகு நடந்த கொடுமையை நம் ஊர் வரலாற்றோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. இங்கே யாரும் யாரையும் கல்லால் எறியவில்லை. நாட்டு நலனுக்கென்று சட்டப்படி எடுத்தார்கள். ஆனால் நாபோத்து சொன்ன அந்தச் சொல்லுக்கு, பணத்தால் மறுமொழி இல்லை என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

2023ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வளையமாதேவியில் நடந்ததை நீங்கள் கண்டீர்கள். கால்வாய் வெட்டுவதற்காகப் பொக்லைன் இயந்திரங்கள் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இறங்கின. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிர்வாகம். விதைத்த பயிரை அறுக்கவாவது விட்டிருக்கக் கூடாதா என்றார்கள் உழவர்கள். போராட்டமும் கலவரமும் மூண்டன. உயர்நீதிமன்றமே வேதனை தெரிவித்தது. யார் பக்கம் சட்டம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு இந்த மேடை இடமன்று. ஆனால் கதிர் விட்ட பயிர் சாய்வதைக் கண்டு கலங்காத நெஞ்சு, கோதுமை அப்பத்தைப் பீடத்தில் காணிக்கையாக்கும்போது எதை நினைக்கும்?

தண்ணீரும் அப்படியே. இப்பகுதியில் இறைக்காமலே பொங்கி வழிந்த கிணறுகள் இருந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுரங்கத்தைக் காக்க நீரழுத்தத்தைக் குறைத்ததில் அந்த ஊற்றுகள் அடங்கின. மறுபுறம், இறைத்த நீர் வாய்க்கால் வழியே வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனமும் செய்கிறது. இழந்தவரும் உண்டு, பெற்றவரும் உண்டு. ஈசாக்கு தோண்டிய கிணறுகளுக்காக மேய்ப்பர்கள் சண்டையிட்ட கதையைத் தொடக்கநூலில் வாசிக்கிறோம். கிணற்று வழக்கு மனிதகுலத்தின் பழைய வழக்கு.

அன்புமிக்கவர்களே, நிலத்தை விட்டுப் போவது என்றால் என்ன என்பதை நகரியத்தில் வாழும் நாமும் ஒருநாள் கற்றுக்கொள்கிறோம். ஓய்வு பெறும் நாளில் மாலையும் பொன்னாடையும் கிடைக்கின்றன. அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரத்தையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டு, இந்திரா நகருக்கோ வடக்குத்துக்கோ சொந்த ஊருக்கோ வண்டி ஏறுகிறோம். நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேடு தடித்திருக்கிறது. அடக்கப் பதிவேடு மெலிந்திருக்கிறது. இங்கே பிறக்கிறோம், இங்கே மணமுடிக்கிறோம், வேறெங்கோ அடங்குகிறோம். அந்த நாளில் மரத்தைத் தடவிவிட்டுப் போகும் தாயின் வேதனை நமக்குத் தெரியும். அவ்வேதனை, ஏரியையும் இடுகாட்டையும் விட்டுப்போன ஊராரின் வேதனைக்கு நம்மை உறவாக்க வேண்டும்.

நடுவில் நிற்பவர்கள்

வந்தவர், போனவர் என்ற இரு சாராருக்கும் நடுவில் மூன்றாம் சாரார் இருக்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிலம் தந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், தாத்தா உழுத இடத்தில் இன்று ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறார்கள். இன்கோசர்வ் சங்கத்தில் இடம் கிடைக்குமா, நிரந்தரம் ஆவோமா என்று காத்திருந்தே நரை கண்டவர்கள் உண்டு. ஒரே சுரங்கம், ஒரே வெயில், ஒரே புழுதி. ஆனால் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், மருத்துவம், ஓய்வூதியம். மற்றவருக்கு அன்றாடக் கணக்கு.

2020ஆம் ஆண்டை மறக்க முடியுமா? இரண்டாம் அனல் மின் நிலையத்தில் மே 7 அன்று கொதிகலன் விபத்து. இரண்டு மாதம் முடியுமுன் சூலை 1 அன்று மற்றொன்று. சூலையில் ஆறு பேர் அங்கேயே மாண்டனர். தீக்காயத்தோடு சென்னைக்குச் சென்றவர்களில் மேலும் பலர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அவர்களில் நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். தீ அடையாள அட்டை கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30இல், நம் தந்தையர் கட்டிய முதல் அனல் மின் நிலையம் ஐம்பத்தெட்டு ஆண்டு உழைத்துவிட்டு நிறுத்தப்பட்டது. அதன் புகைபோக்கிகளையே கடிகாரமாகக் கொண்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு மூத்தவரின் மறைவு போலிருந்தது. நிலக்கரி ஒருநாள் தீரும், அல்லது உலகம் அதை வேண்டாமென்று சொல்லும். அந்த நாளில் இந்த ஊர் எதை நம்பி நிற்கும்?

திருச்சபை இதைப்பற்றி மௌனமாக இருந்ததில்லை. தொழிலாளர் உரிமைக்காக 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் சுற்றுமடல் எழுதினார். மூலதனத்தைவிட உழைக்கும் மனிதனே முதன்மையானவன் என்று 1981இல் இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். மண்ணின் அழுகையும் ஏழையின் அழுகையும் வேறுவேறல்ல என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கற்பித்தார். சுற்றுமடல்கள் உரோமையில் எழுதப்படுகின்றன. அவற்றை வாழ்ந்து காட்ட வேண்டிய இடம் நெய்வேலி போன்ற ஊர்கள்.

எதைத் திருப்பித் தரலாம்?

லேவியர் நூல் சொல்வதுபோல் நிலத்தைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. அது நம் கையில் இல்லை. அந்த வயலும் இன்று வயலாக இல்லை. தோண்டிய பள்ளங்களைச் சில இடங்களில் நிரப்பி மரம் வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல செயல். பங்கு என்ற முறையில் நாம் திருப்பித் தரக்கூடியவை மூன்று.

முதலாவது, பெயர். மறைந்த ஊர்களின் பெயர்களையும், அங்கிருந்த ஏரி, கோவில், சிற்றாலயம், தெரு ஆகியவற்றின் நினைவுகளையும் நம் இளைஞர் இயக்கத்தினர் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஆண்டுக்கொருமுறை, பங்குத் திருவிழாவின் ஒருநாள் திருப்பலியை நிலம் தந்த ஊராருக்காக ஒப்புக்கொடுப்போம். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் அன்று நம் விருந்தினர்கள். பெயரைச் சொல்லி மன்றாடுவது சிறிய காரியமன்று. மறக்கப்படுவதுதான் இரண்டாவது இழப்பு.

இரண்டாவது, வரி. நிரந்தரப் பணியாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் திருவிழா வரி ஒரே தொகையாக இருப்பது சமத்துவம் போலத் தோன்றும், நீதி அன்று. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை ஆண்டவர் எவ்வாறு எண்ணினார் என்பதை அறிந்த நாம், அவரவர் வருவாய்க்கேற்ப வரி என்று மாற்றுவோம். வரி கட்ட இயலாததால் தேரோட்டத்தன்று வீட்டுக்குள் இருந்துவிடும் குடும்பம் ஒன்றுகூட நம் அன்பியங்களில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, விழாவின் மிச்சப் பணம். பொன்விழா நினைவாக ஆலய வாயிலில் வளைவு கட்டவேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறீர்கள். ஆசை தவறன்று. ஆயினும் நம் எண்ணம் வேறு. அப்பணத்தை முதலாக வைத்து, ஒப்பந்தத் தொழிலாளர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும், விபத்தில் சிக்கும் குடும்பங்களின் முதல் மாதச் செலவுக்கும் ஒரு நிதி தொடங்கலாம். நிலக்கரி தீர்ந்தபின்னும் பிழைக்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவதே நாம் கட்டக்கூடிய வளைவு. பங்குப் பேரவை கூடட்டும், கணக்குப் பார்க்கட்டும், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காது சொல்லட்டும். ஆனால் இந்த ஆண்டு முடிவதற்குள் முடிவெடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறோம்.

நம் பக்கத்து ஊர் வடலூரில், 1867இல் இராமலிங்க அடிகளார் தருமசாலையில் ஓர் அடுப்பை மூட்டினார். பசித்து வருபவரின் சாதி கேளாது, சமயம் கேளாது சோறிடும் அந்த அடுப்பு இன்றளவும் அணையவில்லை. நம் ஊரும் நெருப்பால் வாழும் ஊர்தான். நம் நெருப்பு நாடெங்கும் விளக்கேற்றுகிறது. அந்த வெளிச்சம், நிலம் தந்தவர் வீட்டுத் திண்ணையிலும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் மேசையிலும் விழவேண்டும் என்பதே இந்தப் பொன்விழாவில் நம் மன்றாட்டு.

  சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் உயிர்நீத்த அனைவரின் ஆன்மாக்களும் இறைவனில் இளைப்பாறுவதாக. இன்றிரவு ஷிப்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் நாளைக் காலை நலமே வீடு திரும்ப, தொழிலாளரான புனித சூசையப்பர் துணை நிற்பாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.